இளங்கோ காட்டிய சிரலும் இளைஞர் வரையும் வாளும்

சித்திரை முழுநிலவு நாளில் கூடலூரை அடுத்த பளியன்குடி வழியாக மலையேறிக் கண்ணகி கோட்டத்தைக் கண்டு மீளும் வழக்கம் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் அனைவரும் அறிந்ததே. மலைமுகட்டில் சிதைந்து நிற்கும் அக்கற்கோயிலே சிலப்பதிகாரம் கூறும் கோட்டம் என்று 1963ஆம் ஆண்டில் புலவர் சி. கோவிந்தராசனார் கண்டு உரைத்தார். அன்று மலையேறுவோருள் பலர் கண்ணகியின் கதையை அறிவர். ஆயின் அவள் எரித்த மதுரையின் மதில் எத்தகையது என்று இளங்கோவடிகள் கூறியிருப்பதை நினைப்பவர் சிலரே.

அடைக்கலக் காதையின் இறுதிப் பகுதியில் அம்மதிலின் காவற்பொறிகள் நிரல்பட வருகின்றன. வளைந்து தானே அம்பு எய்யும் வில் ஒன்று. கரிய விரல்களையுடைய குரங்கின் வடிவில் அமைந்து, நெருங்குவோரைப் பற்றிக் கடிக்கும் பொறி ஒன்று. மதிலின் தலையைப் பற்றுவோர் கையைக் குத்தும் ஊசிப்பொறி ஒன்று. ஏறி வந்தவர் உடலைக் கோட்டால் கிழிக்கும் இரும்புப் பன்றி ஒன்று. இவற்றிடையே 'சிரல்' என்றொரு பெயர் வருகிறது. சிரல் என்பது மீன்கொத்திப் பறவை. சிச்சிலி என்றும் கூறுவர். பகைவர் மேற் பாய்ந்து சென்று கண்ணைக் கொத்தும் சிச்சிலி வடிவப் பொறி என்று அடியார்க்கு நல்லார் இதற்கு உரை காண்கிறார்.

இவற்றுள் எவை மெய்யாகவே மதுரை மதிலின்மேல் இருந்தன, எவை புலவர் உள்ளத்தில் பிறந்தன என்பதை வரலாற்றாசிரியர் ஆராயட்டும். எமக்கு வியப்பளிப்பது பிறிதொன்று. பறவை எவ்வாறு பாய்கிறது, பன்றி எவ்வாறு கிழிக்கிறது, குரங்கு எவ்வாறு பற்றுகிறது என்பதைக் கூர்ந்து நோக்கிய கண் ஒன்று இப்பட்டியலின் பின்னே இருக்கிறது. விலங்கின் தோற்றம் இங்கே வெறும் ஒப்பனையன்று. அதன் செயலே பொறியின் செயலாகிறது. கற்பனைப் படைக்கலம் புனைவது மேலைநாட்டார் கண்ட புதுக்கலை என்று கருதுவோர் இக்காதையை ஒருமுறை படித்தல் நலம். (இத்துணைப் பொறிகளும் வெளிநோக்கி நிற்க, நகரம் அழிந்ததோ உள்ளே வந்த ஒரு பெண்ணால். அவள் கையில் இருந்தது ஒற்றைச் சிலம்பு.)

இதனை ஈண்டு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. அண்மையில் எம் மாணவர் சிலர் தாம் கணிப்பொறியில் வரைந்த படங்களை எமக்குக் காட்டினர். கற்பனை உலகொன்றில் நிகழும் விளையாட்டிற்காக அவர்கள் புனைந்த வாள்களும் கோடரிகளும் அவை. உழைப்பும் திறமும் அவற்றில் இருந்தன. ஆனால் ஒரு வாளின் அலகு கதவுப் பலகையின் அகலம் இருந்தது. இன்னொன்றின் பிடியில் இறகு விரித்த நெருப்புப் பாம்பு இருந்தது. அதைப் பற்றினால் பற்றுபவன் கையே முதலில் கிழியும். கோடரியின் மேல் வடஐரோப்பியரின் பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. "இவ்வடிவங்களை எங்கிருந்து பெற்றீர்கள்?" என்று வினவினோம். தாம் ஆடிய விளையாட்டுகளின் பெயர்களைக் கூறினர். அவ்விளையாட்டுகளைச் செய்தோர் எங்கிருந்து பெற்றனர் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர்களைக் குறைகூற யாம் விரும்பவில்லை. இன்று இது பல்லாயிரம் இளைஞர்க்குச் சோறிடும் தொழில். ஓவியமும் கணிப்பொறியும் கற்ற பிள்ளை தேனியில் இருந்துகொண்டே அயல்நாட்டு நிறுவனத்திற்கு வரைந்தனுப்ப இயலும். எம் வருத்தமெல்லாம், ஊற்றுக்கண் காலடியில் இருக்க, ஏழு கடலுக்கு அப்பாலிருந்து, அதுவும் பிறர் ஒருமுறை அருந்திய கலத்திலிருந்து நீர் மொள்கிறார்களே என்பதுதான்.

பழங்கலையிலிருந்து கற்பனைப் படைக்கலம் பிறப்பது எவ்வாறு என்பதற்குச் சான்றுகள் பல. பேரரசர் அக்பர் ஏறத்தாழ 1562இல் தொடங்கி வரைவித்த அம்சா நாமா ஓவியங்கள் சுமார் 1,400. அமீர் அம்சாவின் வீரக் கதைகளில் வரும் பூதங்களும் பறக்கும் அரக்கரும் கற்பனை. ஆயின் வீரர் கைகளிலுள்ள வாளும் கேடயமும் அவ்வோவியர் தம் காலத்துப் படைவீடுகளில் கண்டவை. கண்டதைக் கொண்டு காணாததை நம்பச் செய்தனர். நம் தமிழிலும் படைப்போர் என்றொரு சிற்றிலக்கிய வகையை இசுலாமியப் புலவர்கள் வளர்த்தனர். வரிசை முகியித்தீன் புலவரின் சக்கூன் படைப்போர், அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர் ஆகியவற்றில் வரலாற்றினும் கற்பனையே மிகுதி. முன்னாளில் கூட்டமாக அமர்ந்து கேட்கப்பட்ட இந்நூல்களை இன்று நூலகத் தட்டுகளில் தேட வேண்டியுள்ளது. அலி அவர்களின் துல்பிகார் வாளுக்குக் கலைஞர் தந்த இருமுனை வடிவம் துருக்கியர் கொடிகளிலும் இடம்பெற்றதை அறிவோம். இருமுனை வாள் இன்று எத்தனையோ கணிப்பொறி விளையாட்டுகளில் வருகிறது. அதை ஆடும் நம் பிள்ளைகட்கு அதன் பெயர் தெரியாது.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2001 முதல் 2003 வரை வெளிவந்த 'மோதிரங்களின் தலைவன்' திரைப்படங்களுக்காக நியூசிலாந்தின் வேட்டா பட்டறையினர், கற்பனை இனம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கலைமரபு வகுத்தனர். பின்னர்க் கொல்லரைக் கொண்டு மெய்யான எஃகிலேயே வாள் அடித்தனர். 2015இல் வந்த பாகுபலியில் சாபு சிரில் கலையாக்கத்தில் சுழலும் வெட்டலகுகள் பூட்டிய தேர் ஒன்று வந்தது. அதைக் கண்டு புதுமை என்று வியந்தோர்க்கு, மகத மன்னன் அசாதசத்துரு 'இரதமுசலம்' என்னும் தேர்ப்பொறியைப் போரில் செலுத்தியதாகச் சமண நூல்கள் கூறுவதை நினைவூட்டலாம். பூனாவைச் சேர்ந்த இளைஞர் குழுவொன்று 2020இல் 'ராஜி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பஃகாரி ஓவிய மரபையும் இராசத்தானக் கோட்டைகளையும் பார்த்துப் பயின்று அதனைச் செய்தனர். அவர்கட்கு இயன்றது நமக்கு இயலாதா?

நாம் எடுக்காததைப் பிறர் முன்னரே எடுத்துச் சென்றனர் என்பதும் நோக்கத்தக்கது. நம் நாட்டுச் சக்கரம் 1995இல் தொடங்கிய 'சீனா' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் கதைத்தலைவி கைக்கு ஏறி உலகைச் சுற்றி வந்தது. நம் கட்டாரி கொரியர், சப்பானியர் விளையாட்டுகளில் ஒற்றர்க்குரிய படைக்கலமாக உலவுகிறது. சில இடங்களில் அது புலிநகம் போலவும் திரிந்துவிட்டது. முட்டியை மடக்கிக் குறுக்குப் பிடியைப் பற்றி, தோளின் வலிமை முழுவதும் முனைக்குச் செல்லுமாறு குத்தும் கருவி கட்டாரி. தஞ்சைக் கட்டாரிகளின் கைமறைப்பில் யாளியும் கொடியும் செதுக்கப்பட்டிருக்கும் அழகைச் சென்னை அருங்காட்சியகத்தில் காணலாம். 1855இல் தஞ்சையின் கடைசி மராட்டிய மன்னர் ஆண் வாரிசின்றி மறைந்த பின்னர் அவ்வரண்மனைப் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில அருங்காட்சியகம் சேர, பெரும்பகுதி பழைய இரும்பாக உடைபட்டு அழிந்தது. எஞ்சியவற்றையேனும் நாம் பார்க்க வேண்டாவா?

திண்டுக்கல் நமக்கு அண்மையிலுள்ள ஊர். அங்கே 1755இல் பொறுப்பேற்ற ஐதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர் துணையுடன் படைக்கலச் சாலை ஒன்றை நிறுவினார். அவர் மைந்தர் திப்பு சுல்தானோ புலியை ஓர் அரசுச் சின்னமாக மட்டும் கொள்ளவில்லை. வாளின் பிடியில் புலித்தலை, அலகில் புலிவரி, பீரங்கியின் வாயில் புலிவாய் என ஓர் உயிரின் தோற்றத்தைத் தம் ஆட்சியின் பொருள் அனைத்திலும் ஒரே மரபாக ஓடவிட்டார். கற்பனை உலகொன்றை வடிவமைப்போர் இன்று பெரும் பொருள் செலவிட்டுச் செய்வதும் இதுவே. திப்புவின் படுக்கையறை வாள் என்று வழங்கும் வாள் 2023 மே மாதம் இலண்டனில் 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. விலையைக் கேட்டு வாய்பிளந்த நாளேடுகளுள், அவ்வாளின் வடிவைப் பற்றி எழுதியவை மிகச் சிலவே.

இனி நம் மாவட்டத்து மூலங்களைக் காண்போம். ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ் எழுத்தின் தொன்மையான வடிவம் பொறித்த கற்கள் அவை. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சார்ந்தவை என்பர். அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த சண்டையில், பட்ட வீரனுக்கு எடுத்தது. அக்கூடலூர் கம்பத்தை அடுத்த நம் கூடலூரே என்று கருதுவோரும் உளர். இக்கற்களைப் பற்றி எம் மாணவர்க்குக் கூறியபோது, "அவற்றில் என்ன படைக்கலம் செதுக்கப்பட்டுள்ளது?" என்று ஆவலுடன் கேட்டனர். ஒன்றுமில்லை என்றோம். உருவமே இல்லை, எழுத்து மட்டுமே. வீரனின் பெயரும் ஊரும் அவன் பட்ட பூசலும் போதும் என்று அக்கால மக்கள் நினைத்தனர் போலும். மாணவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

உருவம் வேண்டுவோர் வடக்கே செங்கம், தருமபுரிப் பகுதிகளின் நடுகற்களை நோக்க வேண்டும். 1972இல் வெளிவந்த 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுப்பு அதற்கு நல்ல வாயில். பல்லவர் காலத்து அக்கற்களில் வீரன் ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறுகையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கிறான். சிலவற்றில் உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. எடுத்தனூர்க் கல்லில், தலைவனுடன் நின்று காத்த கோவிவன் என்னும் நாயும் பெயரோடு இடம்பெற்றுள்ளது. வடிவமைப்போர் கவனிக்க வேண்டியது இதுதான்: அச்சிற்பியின் உளி வாளை மிகைப்படுத்தவில்லை. உடலின் அளவிற்கேற்ற வாள், கையின் அளவிற்கேற்ற பிடி. மேலும், நடுகல் வென்று விருந்துண்டவனுக்கு எடுத்ததன்று; பட்டவனுக்கு எடுத்தது. அங்கே படைக்கலம் எப்போதும் இறந்தவன் கையிலேயே இருக்கிறது.

உத்தமபாளையத்திற்கு அருகே கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்த சமணத் தீர்த்தங்கரர் புடைப்புருவங்கள் உள்ளன. அச்சணந்தியின் பெயரும் அங்குள்ள வட்டெழுத்துகளில் காணப்படுகிறது. கையில் ஒன்றுமே ஏந்தாத அவ்வுருவங்களுக்கு அருகிலேயே, அரிவாள் ஏந்திய காவல் தெய்வத்தின் கோயில் இருப்பதை அவ்வழிச் செல்வோர் நாளும் காண்கின்றனர். படைக்கலம் வரைய விரும்பும் மாணவர் அவ்விரண்டையும் ஒரே நாளில் பார்த்துவர வேண்டும் என்பது எம் விருப்பம்.

நம் ஊர்க் காவல் தெய்வங்கட்கு நேர்ந்து வைக்கும் அரிவாள்களுள் சில, ஆளுயரத்திற்கும் மேற்பட்டவை. எவராலும் சுழற்றவொண்ணாதவை. இங்கே ஒருவர் தடை எழுப்பலாம்: மாணவர் வரைந்த பலகை வாளைக் குறை கூறிவிட்டு, இதனை மட்டும் போற்றுவது எவ்வாறு? வேறுபாடு உண்டு. நேர்ச்சை அரிவாள் மனிதன் கைக்கு அன்று என்பதை அதன் அளவே அறிவிக்கிறது. அதைச் செய்த கொல்லனும் அறிவான், நட்டவரும் அறிவர். சோழர் காலத்து அத்திரதேவர் படிமங்களும் அத்தகையனவே; சூலமே கடவுளாக நிற்கிறது, போருக்கு அன்று. மாணவரின் வாளோ மனிதன் சுழற்றுவது என்று கூறிக்கொண்டு, மனிதனின் மணிக்கட்டை மறந்துவிடுகிறது.

இக்குற்றத்தை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் ஔவையார். தொண்டைமானிடம் தூது சென்ற அவர், அவன் படைக்கலக் கொட்டிலைக் கண்டு உரைத்ததாக அமைந்த புறநானூற்றுப் பாடல் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசி, காவல்மனையில் அழகுற விளங்கும் வேல்கள் இவை. அதியமானுடைய வேல்களோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. பழிப்பது போலப் புகழ்ந்தது என்றே நாம் இதனைப் பன்னெடுங்காலமாகக் கற்பித்து வருகிறோம். படைக்கல வடிவமைப்பைப் பற்றிய திறனாய்வாகவும் அதனைக் கற்பிக்கலாம் என்பது எம் துணிபு. இன்றைய கற்பனை உலகங்களில் நிறைந்திருப்பவை தொண்டைமானின் வேல்கள். முறிந்த நுனியும் தேய்ந்த பிடியும் கொல்லன் மீண்டும் தட்டிய வடுவும் உடைய ஒரு வேலை வரைந்து வருபவனே எம் கருத்தில் கலைஞன்.

ஒப்பனை கூடாது என்பதன்று எம் கூற்று. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றித் தனிநூலே இயற்றினார். சரந்தீபின் எஃகையும் அதில் குறித்தார். தென்னாட்டு உருக்கிலிருந்து அடித்த வாள்களின் அலகில் நீரலை போன்ற வரிகள் ஓடும். அவை மேலே தீட்டியவை அல்ல. உருக்கிக் குளிரவைத்து அடித்த முறையாலே இரும்பினுள்ளிருந்து எழுந்தவை. அத்தகைய அழகே நிலைப்பது.

ஆகவே மாணவர் முதலில் செல்ல வேண்டிய இடம் இணையம் அன்று, கொல்லன் பட்டறை. நம் பள்ளத்தாக்கில் இன்னும் சில உலைகள் எரிகின்றன. லாரியின் வில்பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து, நீரில் தோய்த்துக் கதிரரிவாளும் வெட்டரிவாளும் செய்கின்றனர். நெல்லறுப்பவர்க்கு ஒரு வளைவு, சின்னமனூர்த் தோட்டங்களில் வாழைத்தார் வெட்டுபவர்க்கு இன்னொரு வளைவு, பாளை சீவுபவர்க்கு வேறொரு கூர்மை. ஒவ்வொரு வளைவிற்கும் காரணம் உண்டு. அதைக் கேட்டால் சொல்வார்கள். கேட்பார் இல்லாமையாலும் தொழிற்சாலைச் சரக்கு மலிந்தமையாலும் அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் செல்கின்றனர்.

இவ்விடத்தில் சமுதாயப் பெரியோர் சிலர் எம்மிடம் நேரில் கேட்ட ஒரு வினாவிற்கு விடை கூறியாக வேண்டும். "அரிவாளும் கத்தியும் ஏற்கெனவே ஊரைக் கெடுத்தது போதாதா? கல்லூரியிலும் அதைப் படமாக வரையச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?" என்றனர். இவ்வினாவை எள்ளி ஒதுக்க இயலாது. 1989இல் போடிநாயக்கனூரிலும் சுற்றூர்களிலும் நிகழ்ந்த கலவரத்தை நேரிற் கண்டவர் அவர்கள். அரிவாள் நமக்குக் கற்பனைப் பொருள் அன்று. அதை உயர்த்திப் பிடித்த கையைச் சுவரொட்டியில் அச்சிட்டு வீரம் என்று கூறும் திரைப்படங்களையும், அதைப் பார்த்துத் தம் செல்பேசிப் படத்தில் அவ்வாறே நிற்கும் சிறுவர்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம்.

ஆயினும் எம் விடை இதுவே. படைக்கலத்தை அறியாமல் வியப்பதே தீங்கு. அறிந்து வரைதல் தீங்கன்று. விளையாட்டில் ஒருவன் நூறு பேரை வெட்டி வீழ்த்துகிறான். வீழ்ந்தவர்க்குப் பெயரில்லை, ஊரில்லை, அடுத்த நொடியில் உடலும் மறைந்துவிடுகிறது. நடுகல்லை அளந்து வரைந்தவனால் அவ்வாறு வரைய முடியாது. அவன் படத்தில் வீழ்ந்தவனுக்கு ஒரு பெயர் வந்துவிடும். வாள் எவ்வளவு கனம், அதை நாள் முழுதும் ஏந்தியவன் தோள் என்னாகும், அது முறிந்தால் யார் தட்டிக் கொடுப்பார் என்ற வினாக்கள் எழும். தெருவில் நின்று வீச்சரிவாளைக் காட்டுபவனுக்கு இவ்வினாக்கள் எழுவதில்லை. எம் மாணவர் இருவகைக்கும் உள்ள வேறுபாட்டை உணர்வர் என்ற நம்பிக்கை எமக்கு உண்டு. ஆயினும் பெரியோர் அச்சம் முற்றும் நீங்கிவிட்டது என்று கூறத் துணியோம்.

செய்யத்தக்கவை பெரியன அல்ல. வயல் வரப்புகளிலும் கண்மாய்க் கரைகளிலும் கிடக்கும் நடுகற்களைக் கண்டால் மாணவர் அளந்து, வரைந்து, தொல்லியல் துறைக்கு அறிவிக்கட்டும். துவைக்கும் கல்லாகவும் வாயிற்படியாகவும் மாறிய பின்னர் அவற்றை யார் வரைவது? மொழித்துறையினராகிய நாம் நிகண்டுகளைத் திறந்து எஃகம், குந்தம், தோமரம், சுரிகை, கணையம், கிடுகு ஆகிய சொற்களுக்கு வடிவம் காண்போம். சிவகங்கைச் சீமையின் வளரியை எறியக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று ஆங்கிலப் படைத்தலைவர் வெல்சு 1830இல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். எழுதாமல் விட்டிருந்தால் அதுவும் நிகண்டுச் சொல்லாகவே நின்றிருக்கும்.

பலகை வாள் வரைந்த மாணவர்க்கு அடைக்கலக் காதைப் பகுதியைப் படி எடுத்துத் தந்தோம். இரு வாரம் கழித்து அவர் வேறொரு படத்துடன் வந்தார். முல்லையாற்று வாய்க்காலின் மின்கம்பியில் அமர்ந்திருந்த மீன்கொத்தியை நான்கு காலைப் பொழுதுகளில் பார்த்து வரைந்ததாகச் சொன்னார். சிறகை ஒடுக்கித் தலைகீழாகப் பாயும் வடிவில் எறிபடை ஒன்று. நீண்ட அலகு, குறுகிய வால், ஒப்பனை சிறிதும் இல்லை. "இந்த மூக்கு முனை கல்லில் பட்டால் முறியுமா, வளையுமா ஐயா?" என்று கேட்டார். எமக்குத் தெரியவில்லை. படத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்துப் பட்டறைக்கு அனுப்பி வைத்தோம்.